மூளைப் படமும் கிராணிப் புத்தியும்

சென்ற வாரம் டத்தோ கிராமாட் சாலையிலுள்ள ஒரு தேநீர்க் கடையில், படித்த நண்பர் ஒருவர் தம் கைப்பேசியில் வர்ணம் தீட்டிய மூளைப் படம் ஒன்றைக் காட்டி, “விஞ்ஞானத்தை மறுத்துக் கூச்சலிடுகிறவர்களுக்கு மூளையிலேயே கோளாறு இருக்கிறது; அதைப் படம் பிடித்தே காட்டிவிட்டார்கள்; இனி அவர்களிடம் பேசிப் பயனில்லை” என்றார். கூடியிருந்தோர் தலையசைத்தனர். ஒரு காலத்தில் நானும் தலையசைத்திருப்பேன். அவ்வாறு அசைக்கக் கூடாதென்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

நண்பர் ஆதாரம் காட்டிய ஆராய்ச்சி, 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஜோனாஸ் காப்லன் முதலானோர் வெளியிட்டது. அரசியலில் உறுதியான முற்போக்குக் கொள்கையுடைய 40 பேரைக் காந்தப் படக் கருவிக்குள் படுக்கவைத்து, அவர்கள் நம்புவனவற்றுக்கு மாறான வாதங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் எடிசன் என்பது போன்ற சாதாரண நம்பிக்கைகள் எளிதில் தளர்ந்தன. அரசியல் நம்பிக்கைகளோ அவ்வளவாக அசையவில்லை. அவற்றைத் தாக்கியபோது, ஒருவர் தம்மைப் பற்றித் தாமே எண்ணும் வேளையில் இயங்கும் மூளைப் பகுதிகள் மிகுதியாக இயங்கின. பிடிவாதம் மிக்கவரிடத்தில், அபாயம், அருவருப்பு ஆகியவற்றை உணர்வதில் பங்குகொள்ளும் அமிக்டலா, இன்சுலா என்னும் பகுதிகளின் இயக்கமும் கூடுதலாக இருந்தது. அதாவது, கொள்கையைத் தொட்டால் ஆளையே தொட்டதுபோல் மூளை நடந்துகொள்ளுகிறது.

நண்பரே, அந்த 40 பேரும் யார்? உம்மையும் என்னையும் போல் முற்போக்குப் பேசுகிறவர்களல்லவா? இதற்கு முன் 2006-இல் துரூ வெஸ்டன் குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சியிலும், இரண்டு அமெரிக்கக் கட்சிக்காரரும் தத்தம் தலைவரின் முரண்பாட்டுக்குச் சமாதானம் கற்பித்துக்கொண்டனர். அப்படியிருக்க, இந்த நோய் பாமரருக்கே உரியதென்று சொல்ல உமக்கு என்ன யோக்கியதை?

படத்தின் யோக்கியதையையும் சற்றுப் பார்ப்போம். அக்கருவி சிந்தனையைப் படம் பிடிப்பதில்லை. மூளையில் ஓடும் இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் மாறுதலைக் கணக்கிடுகிறது. கணக்குப் பிசகினால் என்னாகும் என்பதற்கு, 2009-இல் கிரேக் பென்னெட் என்பவரும் அவர் தோழர்களும் செத்துப்போன ஒரு சால்மன் மீனை அதே வகைக் கருவிக்குள் வைத்து, மனிதர் படங்களைக் காட்டி, முறையான திருத்தமின்றிக் கணக்கிட்டதில், செத்த மீன் மூளையும் “இயங்கியது”! வர்ணப்படத்தைக் கண்டவுடன் வாயடைத்துப் போவதும் ஒரு மூடநம்பிக்கையே.

நிற்க. என் சொந்தக் கதை ஒன்று சொல்லுகிறேன். 2016-இல் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு நாள் காலைப் பெரட்டு முடிந்ததும், களைமருந்து தெளிக்கும் அம்மையார் ஒருவர் அலுவலக வாசலில் நின்று தம் விரல்களை நீட்டினார். நகங்கள் நிறம் மாறியிருந்தன. ஒன்று கழன்றே போயிருந்தது. “மருந்து பண்ணின வேலை இது, கிராணி ஐயா, எழுதிக்குங்க” என்றார்.

அம்மருந்து பாராகுவாட். அதை விழுங்கினவருக்கு மாற்று மருந்தே கிடையாது. தெளிப்பவர்களின் தோலையும் நகத்தையும் அது கெடுக்கும் என்பது பழைய செய்தி. மலேசிய அரசாங்கம் 2002-இல் அதைத் தடை செய்வதாக அறிவித்து, 2006-இல் தளர்த்தியிருந்தது. தெனாகானித்தா என்னும் மகளிர் அமைப்பு, தெளிப்பு வேலைப் பெண்களின் துயரை 2002-இலேயே அறிக்கையாக்கியிருந்தது. ஆங்கிலக் கல்வி பெற்ற எனக்கு இவையெல்லாம் ஒரு மணி நேரத்தில் படிக்கக் கிடைப்பவையே.

நான் செய்தது யாது? எனக்குக் காது சூடேறியது. ஏதோ என்னையே குற்றம் சாட்டியதுபோல் இருந்தது. ஆங்கிலத்தில் அச்சிட்ட விளக்கத் தாளை எடுத்து, முறைப்படி தெளித்தால் தீங்கில்லை என்று, அம்மொழி அறியாத அம்மையாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் விரல்களை மடக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அவரைப் பற்றி என் பேரேட்டில் நான் எழுதியது, அந்த ஒரு நாள் வராமையை மட்டுமே.

2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட் இந்நாட்டில் தடை செய்யப்பட்டது. அன்று விஞ்ஞானத்தின் பெயரால் பேசியவன் நான். உண்மையைக் கையில் ஏந்தி வந்தவர் அவர். அப்போது எங்கள் இருவர் மூளையையும் படமெடுத்திருந்தால், கலக்கம் இருவரிடத்திலும் தெரிந்திருக்கலாம். எவர் சொல் மெய்யென்பதை அப்படம் சொல்லியிருக்குமோ? ஒருக்காலும் சொல்லியிராது. அதைச் சொல்லக்கூடியவை நகமும் தோலும் வைத்தியக் குறிப்புமே.

எல்லார் மூளையும் இப்படித்தானென்றால் எல்லா அபிப்பிராயமும் சமந்தானே என்று சிலர் கேட்பர். அன்று. விஷம் எவர் மூளையையும் கேட்டு விஷமாவதில்லை. ஆனால் நம் பிழையால் நஷ்டப்படுகிறவர் நாமல்லாதபோது, நம் மூளை சொல்லும் சமாதானத்தை இருமடங்கு சந்தேகிக்க வேண்டும்.

இன்று தோட்டங்களில் வேறு களைக்கொல்லிகள் தெளிக்கப்படுகின்றன. புகார்களும் வரும். தோழர்களே, கிராணிமார்களே! புகார் சொல்லுகிறவரின் மூளையை ஆராய்வதற்கு முன், தேதியிட்டு அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், வைத்தியரிடம் அனுப்புங்கள், பிறகு வாதம் செய்யலாம். அன்று நான் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியை இனி எவராலும் எழுத முடியாது.