வெடிமருந்து மணியை எண்ணுவோர்

அமெரிக்காவில் தொலைதூர ரைஃபிள் போட்டிகளில் கலந்துகொள்வோர் பலர் கடையில் விற்கும் தோட்டாவை நம்புவதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை மீண்டும் உரிய அளவுக்கு அழுத்தி, அதன் அடியில் பிரைமர் எனப்படும் பற்றவைக்கும் சிறு கிண்ணத்தைப் பொருத்தி, வெடிமருந்து இட்டு, வாயில் குண்டைச் செருகி, தமக்கு வேண்டிய தோட்டாவை வீட்டிலேயே ஆக்கிக்கொள்கின்றனர். மறுநிரப்பம் என்று சொல்லத்தக்க இக்கைவேலையில் புதிதாக இறங்குபவரின் காதில் முதலில் ஓதப்படும் மந்திரம், தொடர்நிலை அழுத்துப்பொறியில் துல்லியமான தோட்டா பிறக்காது என்பதாகும். அண்மைக் காலத்தில் இம்மந்திரத்துக்கு ஓர் உரையும் சேர்ந்திருக்கிறது: 0.02 கிரெயின் வரை காட்டும் மின்னணுத் தராசு இல்லாதவர் போட்டிக் களத்தில் கால்வைக்கவே தகுதியற்றவராம். ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 0.065 கிராம், 0.02 கிரெயின் என்பதோ, நறுக்கிய குச்சித் துண்டுகள் போன்ற ரைஃபிள் வெடிமருந்தில் ஏறக்குறைய ஒரே ஒரு மணியின் எடை. அரிசிக் கடைக்காரரிடம் தராசைத் தூக்கி எறிந்துவிட்டு அரிசியை எண்ணிக் கொடுக்கச் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு காண்பது கடினம்.

இம்மந்திரம் அதற்கு மாற்றாகப் போற்றும் ஒற்றைநிலை அழுத்துப்பொறி என்பது ஒரு நெம்புகோலும், கூட்டுக்கு வடிவம் தரும் ஓர் அச்சும் கொண்டது. 100 தோட்டா வேண்டுமானால் ஒரு வேலையை 100 முறை செய்து முடித்து, அச்சை மாற்றி, அடுத்த வேலையை மீண்டும் 100 முறை செய்ய வேண்டும். தொடர்நிலைப் பொறியிலோ கூடுகள் ஒரு வட்டத்தட்டில் வரிசையாக நிற்க, நெம்புகோலை ஒருமுறை இழுத்ததும் எல்லா நிலைகளிலும் வேலை ஒரே நேரத்தில் நடக்கும்; பின் தட்டு தானாகவோ கையால் திருப்பியோ ஒரு படி நகரும். தட்டு நிறைந்த பின் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு தோட்டா முழுமையடைந்து விழும். அரிசோனாவின் டில்லன் நிறுவனம் செய்த 550 என்னும் பொறியில் இத்தகைய நிலைகள் நான்கு, 650 என்னும் பொறியில் ஐந்து. அசையும் உறுப்புகள் மிகுந்தால் பிழையும் மிகும் என்பது மந்திரம் ஓதுவோரின் வாதம். இதன் உண்மையான வேர் பொறியியலில் இல்லை. அம்மியில் அரைத்தால்தான் சட்னி சட்னியாகும் என்று சொல்லிவிட்டு, அம்மிப் பக்கமே போகாமல் இலைமுன் அமர்ந்திருக்கும் பெரியவரின் நம்பிக்கையில்தான் அது இருக்கிறது. மெதுவாகச் செய்ததெல்லாம் கவனமாகச் செய்ததாகிவிடும் என்பது சோம்பலுக்கும் கிடைக்கக்கூடிய ஒரு நற்சான்று.

இந்நம்பிக்கைக்கு முன் நிறுத்த ஜான் விட்டன் ஒருவரே போதும். ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த இவர் அமெரிக்கத் தேசியத் தொலைதூரப் பட்டத்தை ஐந்து முறை வென்றவர். 1000 கெஜம், அதாவது 914 மீட்டர் தொலைவில் சுடும் இப்போட்டிகளுக்கான தோட்டாக்களை டில்லன் தொடர்நிலைப் பொறியில் செய்தவர். ஒருமுறை வென்றிருந்தால் குருட்டு அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம். இருமுறை என்றால் காற்று தயவு காட்டியது என்று சமாதானம் சொல்லலாம். ஐந்து முறை வென்றவரிடம் அவருடைய பொறி துல்லியமற்றது என்று எடுத்துரைக்க எவருக்கேனும் துணிவு உண்டா என்று தெரியவில்லை. கொட்டகையில் ஒற்றைநிலைப் பொறியைத் துடைத்துப் பொட்டு வைக்காத குறையாகப் போற்றி வருவோர் பெற்ற தேசியப் பட்டங்களின் எண்ணிக்கையை இங்கே ஒப்பிடாதிருப்பது நாகரிகம்.

உறுதியான பொறியே கூட்டையும் குண்டையும் நேர்கோட்டில் வைக்கும் என்று ஒற்றைநிலைப் பொறியைப் போற்றுவோர் சொல்கின்றனர். விட்டனோ தம் பட்டறையில் இப்பொறிகளுக்கென்று அச்சு தாங்கும் தலைப்பலகையைச் செய்து விற்கிறார். அதில் அச்சுகள் இறுகப் பூட்டப்படாமல் சற்றே அசைய இடம்விட்டு நிற்கும். அசைய இடமிருந்தால் கூடு அச்சுக்குள் நுழையும்போது தன் நடுவைத் தானே தேடிக்கொள்ளும். இறுக்கமே துல்லியம் என்றவர்கள் இந்தத் தளர்வை எந்தக் கணக்கில் எழுதப் போகிறார்கள்? தொடர்நிலைப் பொறியை வாங்கியவர் வெடிமருந்தையும் அதன் அளவியிலேயே அளந்தாக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை என்பதும், தனியே தராசில் நிறுத்ததைப் புனல் வழியாகக் கூட்டில் இட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பொறியிடம் விடலாம் என்பதும் இவ்விவாதத்தில் ஒருபோதும் பேசப்படுவதில்லை.

தராசுப் பக்தர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 100, 200 கெஜத் தொலைவில் ஐந்து குண்டுகளை ஏறத்தாழ ஒரே துளையில் இறக்குவதே நோக்கமாகக் கொண்ட பெஞ்ச்ரெஸ்ட் என்னும் மேசைச் சுடுதலில், வீரர்கள் பெரும்பாலும் வெடிமருந்தை நிறுப்பதே இல்லை. உருளை அளவியின் கைப்பிடியைத் திருப்பி, படியால் முகப்பது போல் கொள்ளளவால் அளந்து கூட்டில் இடுகின்றனர். நிறுக்காவிட்டால் துல்லியம் வராது என்ற செய்தி அவர்களுடைய குண்டுகளுக்கு இன்னும் எட்டவில்லை போலும். மிசௌரியின் லேக் சிட்டி படைக்கலச் சாலையில் அமெரிக்கப் படையின் குறிசுடுநருக்கான தோட்டாக்களைக்கூட இயந்திரங்களே நிரப்பின. அங்கே எவரும் மணி எண்ணியதாகக் கேள்வியில்லை.

இயந்திரம் ஆபத்தானது, ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழுந்துவிடும் என்ற அச்சமும் அவ்வப்போது எடுத்துவிடப்படுகிறது. கைத்துப்பாக்கியின் சிறுமருந்துக்கு அது மெய்யான ஆபத்து. ரைஃபிள் கூட்டிலோ வழக்கமான அளவே பெரும்பகுதியை நிறைத்துவிடுவதால், இரண்டாம் அளவு பொங்கி மேசையில் கொட்டித் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். மரப்பலகைக் குழிகளில் ஐம்பது கூடுகளை நிறுத்தி ஒவ்வொன்றாக மருந்து ஊற்றும் ஒற்றைநிலைக்காரர் தொலைபேசி மணிக்குத் திரும்பிப் பார்த்துவிட்டு வந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை. மூன்றே குண்டுகள் நெருங்கி விழுந்த காகிதத்தைப் பணப்பையில் வைத்துக்கொண்டு, நான்காவதைச் சுட்டுப் பார்க்க அஞ்சி, அதையே தம் தோட்டாவின் தகுதிச் சான்றாக ஊரெல்லாம் காட்டித் திரிவோரும் இக்கூட்டத்தாரே. 

எண்ணிய மணிகள் இலக்கில் என்ன செய்கின்றன என்பதைக் கணக்கிட்டால் நகைப்பே மிஞ்சும். 1000 கெஜத் தொலைவுக்குரிய இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 20 அங்குலம். பரவலாகப் பயன்படும் .308 வகைத் தோட்டாவில் ஒரு மணி மருந்து கூடினாலும் குறைந்தாலும் அத்தொலைவில் குண்டு ஏறி இறங்கும் அளவு அரை அங்குலத்தை எட்டுவதே அரிது. அதே குண்டைக் குறுக்கே வீசும் காற்று, மணிக்கு ஒரு மைல் வேகத்தில், அதாவது முகத்தில் பட்டதா இல்லையா என்று ஐயுறும் அளவுக்கு வீசினாலே, சுமார் 10 அங்குலம் ஒதுக்கிவிடும். 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்துவரும் ஒஹாயோவின் கேம்ப் பெரி, ஈரி ஏரிக் கரையில் இருக்கிறது. அங்கே ஏரிக்காற்று அவ்வளவு அடக்கத்தோடு வீசுவதில்லை. விட்டன் பட்டங்களை வென்றது காற்றைப் படித்துத்தான். பொறி வேகமாக வேலை செய்ததால் மிச்சமான மாலைப்பொழுதுகள் அப்படிப்புக்கு எவ்வளவு உதவின என்பதை அவரே சொல்ல வேண்டும். தராசுக்காரரோ மின்விசிறிக் காற்றில் எண்கள் ஆடிவிடும் என்று விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, தராசின் மேல் கண்ணாடிக் கூண்டையும் கவிழ்த்து, வியர்வை சொட்டச் சொட்ட ஒரு மணியை எடுப்பதும் இடுவதுமாக இரவைக் கழித்துவிட்டு, மறுநாள் களத்தில் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று நிமிர்ந்தும் பாராமல் விசையை அழுத்துகிறார்.