சொந்தக் குளமா? ஊர்க் குளமா?

நமது புதுச்சேரியில் கொஞ்ச காலமாய் ஒரு புதுவித ஆசை கிளம்பியிருக்கிறது. கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் வீடு கட்டும்போது, முன்னெல்லாம் பூஜை அறை எந்த மூலையில் என்று கேட்டதுபோல, இப்போது நீச்சல் குளம் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். குளத்துக்கு இடமில்லையென்றால் மாடியில் ஒரு சுடுநீர்த் தொட்டியாவது வேண்டுமென்கிறார்கள். "இது செலவுக்குத் தகுந்த காரியந்தானா?" என்று தோழர்கள் சிலர் நம்மைக் கேட்கிறார்கள். கேட்பது நல்லதே. நாலு பேர் செய்கிறார்கள் என்பதற்காகச் செய்யாமல், கணக்குப் பார்த்துச் செய்வதுதான் அறிவுடைமை. ஆகவே முதலில் கணக்கையே பார்ப்போம்.

வீட்டுக் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். அது கொள்ளும் தண்ணீர் ஏறக்குறைய 45,000 லிட்டர். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்திய அரசாங்கம் வகுத்திருக்கும் அளவு. அப்படியானால் ஒருதரம் குளத்தை நிரப்புகிற தண்ணீர் ஒரு மனிதனுக்குப் பதினொரு மாதம் காணும். நிரப்பிவிட்டால் தீர்ந்ததா? வெயில் காலத்தில் தினம் 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், 32 சதுர மீட்டர் பரப்பிலிருந்து 160 லிட்டர் போய்விடுகிறது. அதாவது வீட்டில் ஒருவரும் குளிக்காத நாளிலும் சூரியன் ஒருவன் குளித்துவிட்டுப் போகிறான். அவனுக்கு நம்மைவிட 25 லிட்டர் அதிகம்!

தண்ணீர் கெடாதிருக்க, 1 குதிரைத்திறன் மோட்டார் தினம் 6 மணி நேரம் ஓடினால் மாதத்துக்குச் சுமார் 135 யூனிட் மின்சாரம். குளோரினை வெயில் தின்றுவிடுமாதலால் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். வடிகட்டியைக் கழுவத் தனித் தண்ணீர். சில நாள் கவனியாமல் விட்டால் பாசி. அதற்குமேல் விட்டால் கொசு. கோயில் சாமிக்காவது ஆறுகால பூஜையோடு தீர்ந்தது. இந்தக் குளச்சாமிக்கு இரவு பகல் கைங்கரியம்! இவ்வளவும் எதற்காக? புது மோகம் தீர்ந்த பிறகு வாரத்தில் எத்தனை நாள் இறங்குகிறார்கள் என்று, கட்டினவர்களையே இரகசியமாய்க் கேட்டுப் பாருங்கள்.

பணத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. வீட்டுக் குளங்கள் மலிந்த அமெரிக்காவில், 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளின் சாவுக்கு முதற் காரணம் தண்ணீரில் மூழ்குவதே. அதிலும் பெரும்பாலானவை வீட்டு நீச்சல் குளங்களில் நேருகின்றன. குழந்தை விழுந்தால் கூச்சல் கேட்கும் என்று நினைப்பது தவறு, சத்தமில்லாமலே முடிந்துவிடும். ஆகையால் கட்டியே தீருவேன் என்கிறவர், நான்கு பக்கமும் ஏற முடியாத வேலியும், தானே சாத்திக்கொள்ளும் கதவும் வைக்காமல் ஒரு வாளித் தண்ணீர்கூட விடக்கூடாது.

இனி, அந்த 45,000 லிட்டர் எங்கிருந்து வருகிறது? நமது ஊர் குடிப்பது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர். கடலோரத்தில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால், பூமிக்கடியில் நல்ல நீர் பின்வாங்கும். உப்பு நீர் உள்ளே வரும். என் மனை, என் கிணறு, என் மோட்டார் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் பூமிக்கடியில் மதிற்சுவர் உண்டா? என் வீட்டு மோட்டார் இழுப்பது அடுத்த தெருக் குடத்துத் தண்ணீரையுந்தான்.

பாரதி பூங்காவில் வெள்ளையாய் நிற்கும் ஆயி மண்டபத்தைப் பார்க்காதவர் நம்மில் இல்லை. புதுச்சேரி அரசாங்கத்தின் சின்னமும் அதுவே. கிருஷ்ணதேவராயர் ஒரு மாளிகையைக் கோயிலென்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்னும் தாசியின் வீடென்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். கட்டடம் அதே கட்டடந்தானே, கும்பிட்ட கைக்குக் கோபம் ஏன் வந்தது என்று கேட்பாரில்லை. அவள் தன் வீட்டைத் தானே இடித்துவிட்டு, அங்கே ஊருக்குக் குளம் வெட்டினாளாம். கதை மெய்யோ பொய்யோ, அது கிடக்கட்டும். 19-ம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்தரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்ததும், அதன் நினைவாக மண்டபம் எழுந்ததும் மெய். வீட்டை இடித்துக் குளம் வெட்டினவளின் பெயரால் மண்டபம் வைத்திருக்கும் ஊரில், ஊர்த் தண்ணீரை வீட்டுக்குள் இழுத்துக் குளம் கட்டுவது பெருமையாகிவிட்டது!

பெருமை என்றோம். உண்மையில் இந்த ஆசையின் வேர் நீச்சலில் இல்லை. நீச்சலுக்குக் கடலோரத்து ஊரில் பஞ்சமா? கண்டவனோடு ஒரே தண்ணீரில் இறங்கக்கூடாது என்பதே பலருக்கு உள்ளே இருக்கும் எண்ணம். அது புதிதல்ல. மகாராஷ்டிரத்து மஹாத் ஊரில் சவுதார் குளத்து நீரை 1927 மார்ச் 20-ல் டாக்டர் அம்பேத்கரும் அவரது தோழர்களும் குடித்தார்கள். ஆடுமாடு குடித்தபோது கெடாத குளம் மனிதன் குடித்ததும் கெட்டுவிட்டதாம். சாணமும் மூத்திரமும் கலந்த பஞ்சகவ்வியத்தை ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள்! இந்த நோய் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமுமல்ல. அமெரிக்காவில் மிசிசிப்பி மாகாணத்து ஜாக்சன் நகரசபை, வெள்ளையரும் கறுப்பரும் ஒரே குளத்தில் இறங்கவேண்டி வருமென்று கண்டதும், 1960-களில் பொது நீச்சல் குளங்களையே மூடிற்று. 1971-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் அது சரியென்றும், நான்கு பேர் தவறென்றும் சொன்னார்கள். வசதியுள்ளவனுக்குத் தனிக் குளம் உண்டு. ஏழைக்கு, வெள்ளையனானாலும் கறுப்பனானாலும், வெயில்தான் மிச்சம்.

முழங்கால் வலிக்குத் தண்ணீரில் நடப்பது நல்லது என்கிறார்கள், வாஸ்தவம். ஆனால் வலி வீட்டுக்காரர் முழங்காலில் மாத்திரமா இருக்கிறது? மீன் கூடை சுமந்த கிழவிக்கும் முழங்கால் இல்லையா? பெண்கள் பொதுக் குளத்தில் எப்படி இறங்குவது என்கிறார்கள். பெண்களுக்கென்று தனி நேரமும், பெண் பயிற்சியாளரும் வைத்தால் தீர்ந்தது. பொதுக் குளம் அழுக்கு என்கிறார்கள். அழுக்கை விட்டு ஓடினால் அழுக்கு போகுமா? பணமும் படிப்பும் உள்ளவர்கள் விலகிக்கொள்வதால்தான் பொதுக் காரியங்கள் நாறுகின்றன.

25 மீட்டர் நீளமும் 12.5 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பொதுக் குளம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழத்தில், சுமார் 4,70,000 லிட்டர் கொள்ளும். அது ஏறக்குறைய பத்து வீட்டுக் குளத்துத் தண்ணீர். பத்து வீட்டில் குளிப்பவர் நாற்பது ஐம்பது பேர். பொதுக் குளத்திலோ, ஒரு முறைக்கு முப்பது பேராகப் பத்து முறை விட்டால் தினம் முந்நூறு பிள்ளைகள் நீந்தலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ம் வருஷத்தில் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்பது அது கூறும் பரிகாரங்களில் ஒன்று. கடலும் ஏரியும் சூழ்ந்த நமக்கு இதை யாரும் வந்து சொல்லவேண்டுமா?

ஆகவே தோழர்களே, வீட்டுக் குளம் தகுமா என்று கேட்டால், தகாது என்பதே நமது அபிப்பிராயம். பணத்துக்கும் தகாது, தண்ணீருக்கும் தகாது, மனிதத்தன்மைக்கும் தகாது. குளத்துக்கென்று எடுத்து வைத்த பணத்தில் நாலில் ஒரு பங்கைத் தெருப் பிள்ளைகள் நீச்சல் பழகக் கொடுங்கள். வட்டாரத்துக்கு ஒரு பொதுக் குளம், சுத்தமாய், எல்லாருக்குமாய் வேண்டுமென்று நகராட்சியை விடாமல் கேளுங்கள். அது வந்த பிறகு உங்கள் பிள்ளையையும் அதிலேயே இறக்குங்கள். துப்புரவுத் தொழிலாளியின் மகனும் வீட்டுக்காரர் மகனும் ஒரே தண்ணீரில் மூழ்கி எழுந்தால் குளம் கெட்டுப்போகாது. கெட்டுப்போவது ஜாதி ஒன்றுதான்.