புழுக்களைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமி



இம்மாதம் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல ஓர் உண்மைக் கதை தருகிறேன்.

ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் 1647 இல் பிறந்தவர் மரியா சிபில்லா மேரியன். மூன்று வயதில் தந்தையை இழந்தார். தாய் மறுமணம் செய்தவர் ஓர் ஓவியர். அவரிடம் மரியா வரையப் பழகினார். 13 வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். பிறகு கண்ட புழுக்களையெல்லாம் கொண்டுவந்து வளர்த்தார். எது எந்த இலையைத் தின்கிறது, எப்போது கூடு கட்டுகிறது, கூட்டிலிருந்து என்ன வருகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினார், வரைந்தார்.

பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தாமாகவே உண்டாகின்றன என்று படித்தவர்கள் பலரும் நம்பிய காலம் அது. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி ஆகிய நான்கையும், புழு தின்னும் செடியோடு சேர்த்து ஒரே படத்தில் காட்டினார் மரியா. அந்நூல் 1679 இல் வெளிவந்தது.

பின்னர் கணவரைப் பிரிந்தார். இரு மகள்மாரோடு அம்ஸ்ரடாம் நகரில் குடியேறி, ஓவியம் விற்றுச் சீவித்தார். மகள்மாருக்கும் அத்தொழிலைப் பழக்கினார். 1699 இல், 52 வயதில், தன் ஓவியங்களை விற்ற பணத்தோடு இளைய மகளையும் அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். அங்கே அடிமைப்பட்டிருந்த பெண்கள் செடிகளைப் பற்றிச் சொல்லித் தந்தவற்றையும், அவர்கள் பட்ட துன்பத்தையும் எழுதிவைத்தார். நோயுற்று 1701 இல் திரும்பினாலும், 1705 இல் 60 படங்களோடு பெரிய நூலை வெளியிட்டார். பிற்காலத்தில் ஜேர்மனியின் 500 மார்க் தாளில் அவர் முகம் அச்சிடப்பட்டது.

ஆண் துணை இல்லாத வீட்டில் முதலில் மூடப்படுவது பெண்பிள்ளையின் கொப்பிதான். என் வேலையில் இதை அடிக்கடி காண்கிறேன். தகப்பன் இல்லாமற் போனாலும் மரியாவின் கொப்பியை எவரும் மூடவில்லை. பின்னாளில் அவரும் தன் மகள்மாரின் கொப்பியை மூடவில்லை. மகள்மார் இருவரும் ஓவியர்களாயினர்.

நீங்களும் பிள்ளைகளோடு செய்து பாருங்கள். கறிவேப்பிலையிலோ தேசி மரத்திலோ மயிரில்லாத பச்சைப் புழு இருந்தால், கொப்போடு ஒரு போத்தலில் விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். தினமும் அதே மரத்தின் புதிய இலை போடுங்கள். மயிர்க்கொட்டியை மட்டும் தொடவிட வேண்டாம். புழு கூடாகி ஏறக்குறைய இரு வாரத்தில் வண்ணத்துப்பூச்சி வெளிவரும். ஒவ்வொரு நாளும் கண்டதைத் திகதியிட்டுப் பிள்ளை வரையட்டும். சிறகு காய்ந்ததும் பறக்க விடுங்கள். கொப்பியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.