பம்பை மாற்றினால் மட்டும் போதுமா?

சிறிய டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் பலர் சொல்லும் குறை ஒன்று உண்டு. ஹைட்ராலிக் தூக்கவில்லை என்று பட்டறைக்குப் போனார்கள். பம்பு போய்விட்டது என்று புதிது போட்டார்கள். சில மாதங்களில் அதுவும் போய்விட்டது. இப்போது மறுபடியும் புதிய பம்பு வாங்கச் சொல்கிறார்கள்.

பம்பு தேயக்கூடிய பொருள்தான். ஆனால் நன்றாகப் பேணப்படும் டிராக்டரில் அது சில ஆயிரம் மணி நேரமாவது உழைக்க வேண்டும். ஒரே டிராக்டரில் ஒரே வருடத்தில் இரண்டு பம்புகள் போனால், பம்பைக் கெடுக்கும் காரணம் டிராக்டருக்குள்ளேயே இருக்கிறது என்று கொள்ள வேண்டும். அதைத் தேடாமல் பம்பை மட்டும் மாற்றுவது, வரப்பில் உள்ள எலி வளையை அடைக்காமல் வயலுக்குத் தண்ணீர் கட்டுவது போன்றது.

இதில் போவது பம்பின் விலை மட்டும் அல்ல. மேட்டூர்த் தண்ணீர் வந்து நடவு நடக்கும் நாட்களில் டிராக்டர் பத்து நாள் பட்டறையில் நின்றால் நாற்று முற்றிவிடும். வாடகை உழவுக்கு வர வேண்டிய வருமானமும் நின்றுவிடும். கடன் தவணை மட்டும் நிற்பதில்லை. எனவே, காரணம் தெரியாமல் இரண்டாவது பம்பைப் பொருத்த விவசாயிகள் சம்மதிக்கவே கூடாது.

பம்பு செய்யும் வேலை

சிறிய டிராக்டர்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது பல்சக்கரப் பம்பு. ஒன்றோடொன்று கோர்த்த இரண்டு பல்சக்கரங்கள் ஒரு கூட்டுக்குள் சுற்றுகின்றன. பற்களின் இடையே சிக்கும் ஆயிலை அவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளுகின்றன. பம்பு தருவது ஆயிலின் ஓட்டம் மட்டுமே. அந்த ஓட்டத்தை மும்முனை இணைப்பில் உள்ள கருவியின் பாரம் எதிர்க்கும்போதுதான் அழுத்தம் உண்டாகிறது.

பல்சக்கரத்துக்கும் கூட்டுக்கும் உள்ள இடைவெளி மிகவும் குறைவு. தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பம்பை அரித்துத் தின்னும் தூசியோ 5 முதல் 20 மைக்ரான் அளவே இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, ஆயில் பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி விட்டுவிடுவதில் பயன் இல்லை.

முதலில் ஆயிலைப் பாருங்கள்

பல சிறிய டிராக்டர்களில் கியர் பெட்டி, டிபரன்ஷியல், எண்ணெயில் மூழ்கிய பிரேக், ஹைட்ராலிக் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான். கியர் தேய்ந்த இரும்புத் துகளும் பிரேக் தட்டின் தூளும் அதே ஆயிலில் கலந்து பம்புக்கு வருகின்றன. பில்டர் அவற்றைப் பிடிக்க வேண்டும். பில்டரை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அதன் பாரம் முழுவதும் பம்பின் மேல் விழுகிறது.

கொஞ்சம் ஆயிலை ஒரு சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஓர் இரவு வைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் தெரிந்துவிடும். பால் போல வெளுத்திருந்தாலோ, அடியில் தண்ணீர் தங்கினாலோ, ஆயிலில் நீர் புகுந்திருக்கிறது. சேற்றுழவு செய்யும் டிராக்டர்களில் தேய்ந்த சீல் வழியாகவும், காற்றோட்டத் துளையின் மூடி வழியாகவும் நீர் புகுவது உண்டு. கருத்துத் தீய்ந்த வாடை வந்தால் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. வேலை முடிந்த உடன் பார்க்கும்போது நுரை நிறைந்திருந்தால் காற்று கலந்திருக்கிறது. வெயிலில் மினுமினுப்புத் தெரிந்தால் அது உலோகத் தூள். ஒரு காந்தத்தைக் காட்டினால் ஒட்டுவது இரும்பு. அது கியர், பேரிங் போன்றவற்றிலிருந்து வந்திருக்கலாம். ஒட்டாத வெள்ளைத் தூள் பம்பின் அலுமினியக் கூட்டிலிருந்து வந்திருக்கலாம்.

ஆயில் குறைந்தால் கையில் கிடைத்த எஞ்சின் ஆயிலை ஊற்றி வேலையை முடித்துக்கொள்ளும் பழக்கம் பலரிடம் உண்டு. டிராக்டரின் கையேட்டில் சொல்லிய ரகத்தைத் தவிர வேறு ஆயில் ஊற்றக் கூடாது. ஊற்றும் புனலும் கேனும் சுத்தமாக இருக்க வேண்டும். நூல் கழிவினால் துடைத்த இடத்தில் ஒட்டும் சிறு நூலும் பில்டரை அடைக்கும். டிப்பர் டிரெய்லரை மாட்டும்போது குழாயின் முனைகளைத் துடைத்துவிட்டே பொருத்த வேண்டும். ஊராருடைய டிரெய்லர்களை எல்லாம் மாட்டும் டிராக்டருக்கு ஊராருடைய அழுக்கும் வந்து சேரும்.

பட்டினி கிடக்கும் பம்பு

பம்பு கெடுவதற்கு இன்னொரு பெரிய காரணம், உறிஞ்சும் பக்கத்தில் ஆயில் போதுமான அளவு கிடைக்காமல் இருப்பது. ஆயில் மட்டம் குறைவு, அடைபட்ட வடிகட்டி, உள்ளே சதை பிரிந்த ரப்பர்க் குழாய், தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இதற்குப் போதும். அப்போது பம்பின் வாயில் வெற்றிடம் ஏற்பட்டு ஆயிலில் ஆவிக் குமிழ்கள் தோன்றுகின்றன. அழுத்தமான பக்கத்துக்குப் போனதும் அவை வெடித்து அடங்கி, உலோகத்தைக் குத்திக் குழிகளாக்குகின்றன. பம்பிலிருந்து கூழாங்கல் உருள்வது போன்ற சத்தம் வரும். காலையில் கிளப்பும்போது கத்திவிட்டு, சூடேறியதும் சத்தம் குறைந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும்.

காற்று இழுப்பது வேறு கோளாறு. உறிஞ்சும் குழாயின் இணைப்பில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால், ஆயில் வெளியே கசியாமலே காற்று உள்ளே போகும். வெளியே ஈரம் இல்லை என்பதால் மெக்கானிக்கும் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். லிப்ட் நடுங்கி நடுங்கி உயர்வதும் ஆயில் நுரைப்பதும் இதன் அடையாளம். சில ரூபாய் விலையுள்ள வளையம் ஒன்று பம்பையே பலி வாங்கிவிடும். இந்த இணைப்புகளில் டெப்லான் டேப் சுற்றுவதும் தவறு. அதன் துணுக்குகள் பிய்ந்து வால்வில் சிக்கிக்கொள்ளும்.

பாரம் ஏற்றும் தவறு

ஹைட்ராலிக்கில் அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டாமல் காப்பது ரிலீப் வால்வு. லிப்ட் தூக்கவில்லை என்றால் அந்த வால்வின் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு அழுத்தத்தை ஏற்றிவிடும் கைவேலை சில பட்டறைகளில் நடக்கிறது. அன்று லிப்ட் தூக்கும்; விவசாயியும் மகிழ்ச்சியோடு போவார். ஆனால் அன்று முதல் பம்பும் குழாய்களும் தாங்க வேண்டிய அளவுக்கு மேல் தாங்குகின்றன. அடுத்த பம்பு சாவதற்கு நாள் குறித்தாகிவிட்டது என்றே சொல்லலாம்.

கருவியைத் தேர்ந்தெடுப்பதிலும் நிதானம் வேண்டும். 25 குதிரைத்திறன் அளவுள்ள டிராக்டர்கள் பலவற்றின் தூக்கும் திறன் 750 கிலோ என்று விவரச் சீட்டில் போட்டிருக்கும். பெரும்பாலும் அது இணைப்புக் கம்பிகளின் நுனியில் அளந்தது. கருவியின் பாரம் நுனியிலிருந்து பின்னால் தள்ளி இருக்கும்போது அந்த அளவு தூக்க முடியாது. பெரிய டிராக்டருக்குரிய ரோட்டவேட்டரை மலிவாகக் கிடைத்ததென்று சிறிய டிராக்டரில் மாட்டினால் பம்பு ஒவ்வொரு திருப்பத்திலும் திணறும். லிப்ட் முழுவதும் உயர்ந்த பிறகும் கீச்சென்ற சத்தம் நிற்காவிட்டால் ரிலீப் வால்வு வழியாக ஆயில் ஓயாமல் கொட்டிச் சூடேறுகிறது என்று பொருள். லீவரைச் சற்று இறக்கிச் சத்தத்தை நிறுத்த வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால் லிப்டின் அளவைச் சரிசெய்ய வேண்டும்.

குற்றம் பம்பினுடையதுதானா?

கழற்றுவதற்கு முன் சில எளிய சோதனைகள் உண்டு. கருவியைத் தூக்கி எஞ்சினை நிறுத்தினால் அது கடகடவென்று கீழே இறங்குகிறதா? அப்படியானால் கோளாறு பெரும்பாலும் சிலிண்டர் சீலிலோ வால்விலோ இருக்கும். அந்தக் குறைக்குப் பம்பு பொறுப்பல்ல. ஆயில் சூடேறாத காலையில் நன்றாகத் தூக்கி, சூடேறி இளகிய மாலையில் தூக்காவிட்டால், தேய்மானத்தால் உள்ளே கசிவு இருக்கலாம். பவர் ஸ்டியரிங்கும் லிப்டும் ஒரே பம்பில் இயங்கும் டிராக்டரில் இரண்டும் சேர்ந்து தளர்ந்தால் ஆயில், உறிஞ்சும் குழாய், பம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் நன்றாக இருந்து லிப்ட் மட்டும் தளர்ந்தால் முதலில் லிப்டின் வால்வைப் பார்க்க வேண்டும்.

எஞ்சினோடு இணைந்த பம்பாக இருந்தால், எஞ்சின் ஆயிலின் மட்டம் ஊற்றாமலே ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். பம்பின் தண்டுச் சீல் போய் ஹைட்ராலிக் ஆயில் எஞ்சினுக்குள் இறங்குவது உண்டு. அதைக் கவனிக்காவிட்டால் பம்போடு எஞ்சினுக்கும் ஆபத்து.

இவை எல்லாம் அனுமானத்துக்கு உதவுபவை. முடிவு சொல்ல வேண்டியது அழுத்தமானி. ஆயில் வேலைச் சூட்டுக்கு வந்த பிறகு, கையேட்டில் குறித்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, குறித்த எஞ்சின் வேகத்தில் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் "பம்பு போச்சு" என்று சொல்வது, நாடி பாராமல் மருந்து எழுதுவது போலத்தான்.

ஓர் எச்சரிக்கை. கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. ஊசி முனைத் துவாரத்திலிருந்து பாயும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலையே இழக்க நேரலாம். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஓர் அட்டையைக் காட்டித்தான் கசிவைத் தேட வேண்டும். எதைக் கழற்றினாலும் கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை ஆட்டி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே கழற்ற வேண்டும்.

புதியது பொருத்தும்போது

பம்பு உடைந்தால் அதன் துகள்கள் குழாய், வால்வு, சிலிண்டர் எங்கும் பரவியிருக்கும். அவற்றைச் சுத்தம் செய்யாமல் பொருத்தும் புதிய பம்பு முதல் நாளே அந்தத் துகள்களைச் சந்திக்கிறது. ஆகவே பழைய ஆயிலை முழுவதும் வடித்து, குழாய்களைக் கழுவி, வடிகட்டியைச் சுத்தம் செய்து, பில்டரை மாற்றி, உறிஞ்சும் பக்கத்து வளையங்களையும் புதிதாகப் போட வேண்டும். புதிய பம்பினுள் ஆயில் ஊற்றி நனைத்த பிறகே பொருத்த வேண்டும். எஞ்சினை மெதுவான வேகத்தில் சில நிமிடம் பாரமின்றி ஓட்டி, லிப்டைப் பல முறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். வறண்ட பம்பை முழு வேகத்தில் ஓட்டினால் சில நிமிடங்களிலேயே அது கீறல் விழுந்து கெடும். சில மணி நேரம் வேலை செய்த பின் பில்டரை மறுபடி மாற்றுவதும் நல்லது.

பொறுப்பு யாருக்கு?

போலி உதிரி பாகங்கள் சந்தையில் இருப்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு நல்ல பம்பும் கெட்ட ஆயிலில் பிழைக்காது. பம்பு தயாரிப்பாளரை மட்டும் திட்டிப் பயன் இல்லை. பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்வதும் நியாயம் ஆகாது. "நாளைக் காலையில் வண்டி வேண்டும்" என்று அவசரப்படுத்துவதும், இருபது லிட்டர் ஆயிலின் விலைக்குத் தயங்கிப் பழையதையே மறுபடி ஊற்றச் சொல்வதும் பல இடங்களில் விவசாயிகளேதான். இருபது லிட்டர் ஆயிலை மிச்சம் பிடித்து ஒரு பம்பை இழப்பது சிக்கனம் ஆகாது.

அதே சமயம் பணம் கொடுப்பவருக்குக் காரணம் கேட்கும் உரிமை உண்டு. பட்டறையில் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, கழற்றிய பழைய பம்பு. கூடு கீறியிருந்தால் அழுக்கு, குழி விழுந்திருந்தால் பட்டினி, கூடோ தண்டோ உடைந்திருந்தால் பெரும்பாலும் மிகையான அழுத்தம் என்று அதுவே சாட்சி சொல்லும். இரண்டு, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அழுத்தமானி காட்டிய அளவு. மூன்று, பம்பு கெட்ட காரணத்தை எழுதிய பில். உத்தரவாதக் காலத்தில் இந்தச் சீட்டுதான் கை கொடுக்கும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு டிராக்டர் வைத்திருப்பவரையும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. ஆனால் சீட்டு இல்லாமல் எந்த ஆணையத்திலும் வழக்கை நிரூபிப்பது கடினம்.

வாடகைக்கு இயந்திரம் விடும் மையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் ஒவ்வொரு டிராக்டருக்கும் ஒரு நோட்டு வைக்க வேண்டும். எத்தனையாவது மணி நேரத்தில் ஆயிலும் பில்டரும் மாற்றப்பட்டன, என்ன கருவி மாட்டப்பட்டது என்று அதில் எழுத வேண்டும். வட்டாரத்துக்கு ஓர் அழுத்தமானியும், அதைப் பொருத்தத் தெரிந்த ஓர் ஆளும் இருந்தால் வீணாக மாற்றப்படும் பம்புகளில் பல மிஞ்சும். டிராக்டர் வாங்க மானியம் கொடுப்பதோடு நில்லாமல், வாங்கிய டிராக்டரைப் பேணவும் பயிற்சி கொடுப்பதே சிறு விவசாயிக்குச் செய்யும் உண்மையான உதவியாகும்.