காலையில் போனால் மாலைக்குள் கேப்!

கலசப்பாக்கம் பக்கம் ஒருவருக்குக் கடைவாய்ப் பல் வலித்தால் என்ன நடக்கும்? முதலில் கிராம்பு. அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை. கன்னம் வீங்கிய பிறகுதான் திருவண்ணாமலைக்கோ போளூருக்கோ பஸ். பல் டாக்டர் வேர் சிகிச்சை செய்கிறார். இரண்டு, மூன்று தடவை போய் வந்ததும் வலி நின்றுவிடுகிறது. "அடுத்த வாரம் வாங்க, கேப்புக்கு அளவு எடுக்கணும். அதுக்கடுத்த வாரம் வந்தா மாட்டிடலாம்" என்கிறார் டாக்டர்.

வலிதான் போய்விட்டதே! மல்லாட்டை பிடுங்குகிற நேரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் போவது? ஜமுனாமரத்தூர் பக்கத்து மலை ஊர்களில் இருந்து இறங்கி வருகிறவர்களுக்கு ஒரு தடவை வந்து போவதே முழு நாள் வேலை. கேப் அப்படியே தள்ளிப்போகிறது.

சிக்கல் இங்கேதான். வேர் சிகிச்சை செய்த பல், நடுவில் குடைந்தெடுத்த பல். சுற்றுச் சுவர்கள் மெலிந்து நிற்கும். ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது நெட்டுக்குத்தாகப் பிளந்தால், பிடுங்குவதைத் தவிர பெரும்பாலும் வேறு வழி இல்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டார்கள். வேர் சிகிச்சைக்குப் பின் கேப் போடாத பற்கள், போட்டவற்றைப் போல 6 மடங்கு வேகத்தில் பறிபோயின. சிகிச்சைக்குக் கொடுத்த பணமும் பல்லோடு போகும்.

இந்த அலைச்சலைக் குறைக்கத்தான் 'ஒரே நாள் கேப்' வந்திருக்கிறது. கேட்பதற்குப் புதிதாக இருந்தாலும் இதற்கு நாற்பது வயது. சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகப் பல் மருத்துவர் வெர்னர் மோர்மனும் மின் பொறியாளர் மார்க்கோ பிராண்டெஸ்டினியும் சேர்ந்து 'செரெக்' என்ற கருவியை உருவாக்கினார்கள். 1985 செப்டம்பர் 19 அன்று முதல் நோயாளியின் பல் குழிக்குப் பொருத்தமான பீங்கான் துண்டை அதே இடத்தில் கடைந்து ஒட்டினார்கள். அந்த முதல் இயந்திரத்துக்குக் கடிக்கும் பரப்பின் மேடு பள்ளங்களைச் செதுக்கத் தெரியாது. அதை டாக்டர்தான் கையால் இழைக்க வேண்டும். இன்று அதையும் இயந்திரமே செய்கிறது.

இப்போது எப்படி நடக்கிறது? மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைச் சுற்றிலும் மேலேயும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை இழைக்கிறார்கள். வாயில் மாவு மாதிரி எதையோ திணித்து, குமட்டலோடு காத்திருக்கும் வேலை இல்லை. பேனாவைவிடச் சற்றுத் தடிமனான கேமராவை வாய்க்குள் ஓட்டினால், பல் வரிசை கம்ப்யூட்டர் திரையில் முப்பரிமாணத்தில் எழும். ஈறு ஓரத்தில் எச்சிலோ ரத்தமோ இருந்தால் படம் கெடும். அதனால் காய வைப்பதில்தான் டாக்டரின் பொறுமை தெரியும். பிறகு திரையிலேயே கேப்பை வடிவமைத்து, பக்கத்துப் பல்லோடு எங்கே தொட வேண்டும், எதிர்ப் பல் எங்கே கடிக்கும் என்று திருத்துகிறார்.

அடுத்த அறையில் சின்னப் பெட்டி ஒன்று. தண்ணீர் பீய்ச்சியபடி, வைர முனைகள் ஒரு பீங்கான் கட்டியைக் கடைகின்றன. கால் மணி நேரம் போதும். வெளியே வரும் பல்லைப் பார்த்துப் பலர் திடுக்கிடுவார்கள். கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும்! லித்தியம் டைசிலிகேட் என்ற பீங்கான் வகை அது. கடைவதற்கு வசதியாக அரைவேக்காட்டில் வருகிறது. போட்டுப் பார்த்துச் சரி செய்தபின் 850 டிகிரி அளவில் சூளையில் வைத்தால், இறுகிப் பல்லின் நிறத்துக்கு வந்துவிடும். சிர்கோனியா என்றால் கதை வேறு. மண்பானை போல அது வேகும்போது சுருங்கும், அதுவும் ஐந்தில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பெரிதாகக் கடைந்து வேக வைக்க வேண்டும் என்பதால் நேரம் கூடும்.

எல்லாம் சேர்த்து இரண்டு, மூன்று மணி நேரம். ஆனால் எல்லோருக்கும் இது ஒத்துவராது. ஈறுக்குக் கீழே ஆழமாக உடைந்த பல்லைக் கேமரா சரியாகப் பார்க்காது. வேரில் சீழ் ஆறாமல் இருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். சிரித்தால் தெரியும் முன்பல்லின் நிறத்தைப் பக்கத்துப் பல்லோடு இழைய வைப்பதில், லேபில் அடுக்கடுக்காகப் பீங்கான் பூசும் கலைஞரின் கைக்கு இன்னும் மவுசு இருக்கிறது.

இன்னொன்று, விலை. கடையும் இயந்திரத்துக்குப் பல லட்சம் ஆகும் என்பதால் எல்லா கிளினிக்கிலும் அது இருக்காது. நிறைய இடங்களில் கேமரா மட்டும் இருக்கும். படத்தை இன்டர்நெட்டில் லேபுக்கு அனுப்புவார்கள். அதில் குமட்டல் மிச்சம், பஸ் டிக்கெட் மிச்சமில்லை. கிளம்பும் முன் போனில் கேட்க வேண்டிய கேள்வி, "டிஜிட்டல் ஸ்கேன் இருக்கா?" அல்ல, "அங்கேயே கடைஞ்சு அன்னைக்கே மாட்டுவீங்களா?" என்பதுதான். கேப் எந்தப் பொருளில் செய்தது, உடைந்தால் என்ன ஏற்பாடு என்பதையும் கையோடு கேட்டுவிடலாம்.

மாட்டியதும் வண்ணக் காகிதத்தைக் கடிக்கச் சொல்வார்கள். மரத்துப்போன வாய்க்குக் கடி சரியா தவறா என்று முழுதாகத் தெரியாது. மறுநாள் அந்தப் பல் மட்டும் முந்திக்கொண்டு இடித்தால், பழகிவிடும் என்று விடாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஐந்து நிமிடம் இழைத்தால் சரியாகிவிடும். கலசப்பாக்கத்தில் இருந்து இன்னொரு தடவை பஸ் ஏற வேண்டியிருந்தால், இதற்காக ஏறலாம்.