மக்கு அல்ல, நம் மக்கள்!

எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு நம் ஊரில் ஒரே பெயர்தான் உண்டு: மக்கு! வாத்தியார் சொல்வார், பக்கத்து வீட்டார் சொல்வார், ஆத்திரம் வந்தால் பெற்ற தகப்பனே சொல்வான். அந்தச் சொல்லை இன்று நாம் கூண்டில் ஏற்றுகிறோம்.

நம் தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 247. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது; அதன் ஒலியோ பின்னே வருகிறது. 'கொ' என்றாலோ கொம்பு ஒரு பக்கம், கால் மறு பக்கம். பழகிய கண்ணுக்கு இது ஒன்றுமில்லை. கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்கு எழுத்தையும் ஒலியையும் இணைப்பதே மலையேற்றம். கதை சொன்னால் பிடித்துக்கொள்வான். சைக்கிளைப் பிரித்துப் போட்டால் பூட்டிக் கொடுப்பான். புத்தகத்தை நீட்டினால் திணறுவான். அவன் அறிவில்லாதவனா? பிரம்பால் அடித்தால் எழுத்து வந்துவிடுமா? பொறுமையோடு தனியாகச் சொல்லிக்கொடுத்தால் வரும்.

அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகள், ஆட்டிசம் உடைய பிள்ளைகள், மூளை முடக்குவாதத்தால் கைகால் வசப்படாத பிள்ளைகள் ஆகியோரின் பாடு இன்னும் கடினம். இவர்களுக்காக நம் புதுச்சேரியில் 2003 முதல் நடந்துவருகிறது சத்யா சிறப்புப் பள்ளி. நகரத்தோடு நில்லாமல் கிராமங்களுக்கும் பயிற்சியைக் கொண்டுசெல்கிறது.

இத்தகைய பள்ளிகளில் பாடம் என்பது என்ன? சட்டைப் பொத்தானைத் தானே போடுவது ஒரு பாடம். டம்ளரைச் சிந்தாமல் பிடிப்பது ஒரு பாடம். மணலில் விரலால் 'ப' எழுதுவதும், கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவதும் பாடமே. பிள்ளைக்குப் பிள்ளை திட்டம் வேறு. கைகாலுக்குப் பயிற்சி தர ஒருவர், பேச்சுக்குப் பயிற்சி தர ஒருவர். மாதக்கணக்கில் முயன்ற பிள்ளை தன் கையால் ஒரு கவளம் சோறு எடுத்து உண்டுவிட்டால், அன்று அவர்களுக்குத் திருவிழா!

இந்த வாய்ப்பு இல்லாத வீட்டின் கதை என்ன? பிள்ளையைத் தனியே விட முடியாமல் தாய் வேலையை விடுகிறாள். ஒரு கூலியில் நான்கு வயிறு. எந்தச் சங்கப் பேரேட்டிலும் ஏறாத கூலி வெட்டு இது, தோழர்களே! பணம் படைத்தவன் வீட்டுக்குப் பயிற்சியாளர் தேடி வருவார். பாட்டாளி வீட்டுப் பிள்ளையைத் தேடி யார் வருவார்?

1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கற்றல் குறைபாட்டுக்கு இடமே இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதைச் சேர்த்தது. 7 ஆக இருந்த பட்டியலை 21 ஆக்கியது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுடைய பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ உண்டு என்றது. கற்றல் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டும் என்றது. சிறப்பு ஆசிரியர் பணியிடங்களை உருவாக்கி நிரப்புமாறு உச்ச நீதிமன்றமும் 2025 மார்ச்சில் ஆணையிட்டது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

நன்கொடை தரும் நல்லோரை வாழ்த்துகிறோம். எனினும், பிறந்தநாளன்று வந்து இனிப்புக் கொடுத்துப் படம் பிடித்துச் செல்பவரின் இரக்கத்தை நம்பியா ஒரு பிள்ளையின் படிப்பு நிற்பது? இந்த மண்ணில் 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு இரையாயினர். அதன் பின்னரே, 1937-ல், எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. உரிமை என்பதை அவர்களிடம் கற்றவர்கள் நாம்.

ஆகவே சர்க்காரைக் கேட்கிறோம்: அரசுப் பள்ளிகளில் நிரந்தரச் சிறப்பு ஆசிரியர்களை அமர்த்துங்கள். சான்றிதழுக்காகத் தாய்மாரை அலைக்கழிக்காதீர்கள். வர இயலாத பிள்ளைக்கு வண்டி அனுப்புங்கள்.

நம் கிளைத் தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. தத்தம் தெருவில் கதவுக்குப் பின்னால் இருத்தப்பட்டிருக்கும் பிள்ளை யாரென்று கேட்டறியுங்கள். அந்தத் தாயோடு பள்ளி வாசல் வரை நடந்து செல்லுங்கள். முதலில், 'மக்கு' என்ற சொல்லை உங்கள் வீட்டிலிருந்தே விரட்டுங்கள்!