துள்ளும் வண்டிக்குப் பட்டையைக் கழற்றலாமா?

வானூர், மரக்காணம் பகுதிகளில் இப்போது சிறு விவசாயிகள் பலர் சொந்தமாகச் சிறிய சரக்கு வண்டி வைத்திருக்கிறார்கள். 2005-ம் ஆண்டு டாடா ஏஸ் வந்தபோது நம் ஜனங்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்தார்கள். 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திரா பிக்கப்பும் ஊருக்கு ஊர் நிற்கிறது. நகையை வைத்தோ, கடன் வாங்கியோ வண்டி எடுத்த விவசாயி முதல் மாதத்திலேயே சொல்லும் புகார் ஒன்றுதான்: “பாரம் இருந்தால் பரவாயில்லை, வெறும் வண்டியாக ஓட்டினால் தூக்கித் தூக்கிப் போடுகிறது.” இரும்பையிலிருந்து திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு போய்ச் சேர்வதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது என்கிறார்கள்.

இதற்கு ஊரில் கிடைக்கும் வைத்தியம் இரண்டு. பட்டறைக்குப் போய்ப் பின்பக்கத்துப் பட்டை ஒன்றைக் கழற்றிவிடுவது ஒன்று. மூட்டையை அதிகமாக ஏற்றலாமே என்று ஒரு பட்டையைக் கூடச் சேர்ப்பது மற்றொன்று. இரண்டும் கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். பயிரைப் பற்றி எழுத வேண்டிய பக்கத்தில் வண்டியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். உழுது, விதைத்து, மருந்தடித்து, காவல் காத்து எடுத்த தர்பூசணியும் தக்காளியும் கடைசி இருபது கிலோமீட்டரில் நசுங்கிப் போனால் நஷ்டம் பயிரினுடையதுதானே?

முதலில் வண்டி ஏன் துள்ளுகிறது என்று பார்ப்போம். வாய்க்காலின் குறுக்கே பனஞ்சட்டம் போட்டிருப்போம். சிறு பிள்ளை அதன் மேல் ஓடினால் சட்டம் வளையாது. தலையில் மூட்டையுடன் பெரிய ஆள் நடந்தால் வளைந்து கொடுக்கும். வண்டியின் பின்பக்கத்து வில்பட்டைகளும் அப்படித்தான். முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும் என்று கணக்கிட்டு அவற்றைச் செய்கிறார்கள். பாரம் இல்லாதபோது அவை ஏறக்குறைய இரும்புக் கட்டை மாதிரி விறைப்பாக நிற்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும் அதிர்ச்சி அப்படியே மேலே வந்துவிடும். பட்டை மீதுள்ள எடை நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் ஆட்டத்தின் வேகம் இரண்டு மடங்காகும் என்பது பௌதிகக் கணக்கு. ஆகவே வெறும் வண்டி துள்ளுவதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. காரைப் போல மெத்தென்று போகும் வண்டியில் ஒரு டன் ஏற்ற முடியாது. ஒரு டன் ஏற்றும் வண்டி காரைப் போலப் போகாது. துள்ளலை முற்றிலும் நீக்க முடியாவிட்டாலும் கணிசமாகக் குறைக்கலாம்.

குறைக்கும் வழிகளில் செலவே இல்லாதது காற்று. பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல்லில் கடகடவென்று ஆடுவதைப் பார்த்து, காற்றடைத்த ரப்பர் குழாயைச் சக்கரத்தில் கட்டினார். 1888-ல் அதற்கு அவர் காப்புரிமை பெற்றார். நம் ஊரில் கட்டை வண்டி போய் டயர் வண்டி வந்தபோது மாட்டின் கழுத்துக்கு எவ்வளவு சுகம் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது பட்டையல்ல, டயருக்குள் இருக்கும் காற்றுதான். ஆனால் பம்பில் காற்றடிப்பவரிடம் விட்டுவிட்டால் பாரமானாலும் வெறும் வண்டியானாலும் ஒரே அளவாகக் கல்லுப் போல அடித்து அனுப்பிவிடுகிறார். வண்டியோடு கொடுத்த புத்தகத்திலும், பெரும்பாலும் கதவோரத்தில் ஒட்டிய சீட்டிலும், முன் டயருக்கு எத்தனை பவுண்டு, பின் டயருக்கு எத்தனை பவுண்டு என்று போட்டிருக்கும். பாரத்துக்கு ஒன்று, வெறும் வண்டிக்கு ஒன்று என இரண்டு அளவு கொடுத்திருந்தால் அதன்படியே நடக்க வேண்டும். சொந்தமாக ஒரு காற்றழுத்த மானி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. காலையில் வண்டியை எடுக்குமுன் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் சரியான அளவு.

ஓர் எச்சரிக்கை. மெத்தென்று போகட்டும் என்று காற்றைக் குறைத்துவிட்டு, அதே காற்றில் பாரத்தை ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுக்குப் போகக் கூடாது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி நெடுஞ்சாலையில் வெடிக்கும். டயர் மாற்றும் காலம் வந்தால் அதே அளவும் அதே பாரத் தகுதியும் உள்ள ரேடியல் டயர் உங்கள் வண்டிக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அதன் பக்கச்சுவர் இளக்கமானது. ஓட்டத்தில் வித்தியாசம் தெரியும்.

இனி பட்டைக்கு வருவோம். ஒரு பட்டையைக் கழற்றினால் வெறும் வண்டி சற்று மெத்தென்று போவது உண்மைதான். அதனால்தான் இந்த வைத்தியத்துக்கு இத்தனை செல்வாக்கு. ஆனால் மறுநாள் அதே வண்டியில் மணிலா மூட்டை ஏறும்போது மிச்சமுள்ள பட்டைகள் கழற்றியதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கின்றன. பின்பக்கம் தொங்கி, அச்சு மேலே வந்து ரப்பர் கட்டையில் இடிக்கும். அப்படி இடித்தால் துள்ளல் முன்னைவிட மோசமாகும். முக்கியப் பட்டை முறிந்தால் அச்சே இடம் மாறி, வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பின்பக்கம் தாழ்ந்தால் விளக்கு வெளிச்சம் மேலே எழும்பி எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும் என்பதையும் நினைக்க வேண்டும்.

பட்டையைக் கூட்டுவதோ அதைவிடக் கெடுதல். பட்டையின் கனம் பத்தில் ஒரு பங்கு கூடினால் அதன் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கனமான பழைய லாரிப் பட்டையை வெட்டிச் சேர்த்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பாரம் அதிகம் ஏறும். ஆனால் பிரேக், அச்சு, டயர் எதுவும் கூடுதல் பாரத்துக்காகச் செய்யப்படவில்லை. வண்டியின் மூல அமைப்பை மனம் போனபடி மாற்றக் கூடாது என்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் சொல்கிறது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்க இடம் கொடுத்தது போலாகும்.

மரக்காணம் கடற்கரை விவசாயிகளுக்கு மட்டும் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அது உப்பு. கோடையில் உப்பளத்துக்கு வாடகைக்குப் போகும் வண்டிகள் உண்டு. உப்பு மூட்டையிலிருந்து கசியும் நீர் பலகை இடுக்கு வழியே இறங்கிப் பட்டைகளின் நடுவே தங்குகிறது. வில்பட்டை வேலை செய்வது எப்படி? பாரம் ஏறும்போது ஒரு பட்டை மற்றொன்றின் மேல் வழுக்கிச் சென்றுதான் வளைந்து கொடுக்கிறது. நடுவில் துரு பிடித்தால் வழுக்காது. ஐந்து பட்டையும் ஒரே இரும்புத் துண்டாக ஒட்டிக்கொள்ளும். அப்போது சிறு கல்லில் ஏறினாலும் தூக்கிப் போடும். இரண்டே வருஷத்தில் வண்டி கிழடாகிவிட்டது என்று சொல்லப்படும் பல வண்டிகளுக்கு நோய் இதுதான். உப்பளத்துக்குப் போகாதவர்களும் தப்பித்தோம் என்று இருந்துவிட முடியாது. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. நாம் ஏற்றிவரும் முரியேட் ஆப் பொட்டாஷ் உரமும் ஒருவகை உப்புத்தான். கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டினால் கடலுப்புப் போலவே இரும்பைத் தின்னும்.

ஆகவே உப்போ உரமோ ஏற்றும்போது பலகை மீது கனமான பிளாஸ்டிக் விரிப்புப் போட வேண்டும். இறக்கிய அன்றே வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவ வேண்டும். உப்பங்கழித் தண்ணீரில் கழுவுவது கழுவாததைவிடக் கேடு. துருவுக்குப் பரிகாரம் என்று டீசலையும் கழிவு எண்ணெயையும் பட்டை முழுக்கத் தெளிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பட்டையின் இரு நுனிகளிலும் ரப்பர் புஷ் உள்ள வண்டியில் அந்த எண்ணெய் பட்டு ரப்பர் ஊறி உப்பி நைந்துவிடும். புஷ் போனால் கடகடவென்ற சத்தம் வேறு சேர்ந்துகொள்ளும். பட்டைகளைப் பிரித்து, துருவைச் சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவிப் பூட்டுவதுதான் முறை. வருஷத்துக்கு ஒரு முறை, உப்பு வாரும் காலம் முடிந்து மழை தொடங்குமுன் இதைச் செய்துகொள்ளலாம். எந்த இடத்தில் கிரீஸ், எந்த இடத்தில் கூடாது என்பதை வண்டிப் புத்தகம் சொல்லும்.

புது வண்டியாக இருந்தால் முதல் சர்வீஸைத் தவறவிடக் கூடாது. பட்டைக் கட்டை அச்சோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டுகள் கொஞ்சம் ஓடியதும் தளரும். அவற்றை இறுக்க வேண்டும். தளர்ந்தபடி ஓட்டினால் நடு போல்ட் அறுந்துவிடும். ஷாக் அப்சார்பரையும் பார்க்கச் சொல்லுங்கள். பாரம் தாங்குவது அதன் வேலையல்ல. ஒரு முறை எழும்பிய வண்டியை மறுபடி மறுபடி எழும்பாமல் அடக்குவதே அதன் வேலை. அதன் உடம்பில் எண்ணெய் வழிந்திருந்தால் அது செத்துவிட்டது என்று அர்த்தம். பள்ளம் தாண்டிய பிறகும் வண்டி நாலைந்து தடவை ஊஞ்சலாடுவதும் அதே அறிகுறி. மாற்றும்போது இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பாரத்தை எங்கே வைக்கிறோம் என்பதில் நம்மவர்கள் கவனமே செலுத்துவதில்லை. இறக்குவதற்குச் சுலபம் என்று நாலு மூட்டையையும் பின்கதவோரம் போடுகிறார்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் விழும் எடை வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கும்; ஸ்டீயரிங் லேசாகும்; ஏற்றமும் இறக்கமுமாக வண்டி ஆடும். கனமானது அச்சுக்கு நேராகவும் அதற்குச் சற்று முன்னாலும் இருக்க வேண்டும். தக்காளி, கத்தரி ஏற்றும்போது கடைசிப் பெட்டியும் மேல் அடுக்குப் பெட்டியும்தான் அதிகம் குதிக்கின்றன. அடியில் உள்ள காய்க்கு மேலே இருப்பவற்றின் பாரம். மேலே உள்ள காய்க்குத் துள்ளல். நன்றாகப் பழுத்ததை மேல் அடுக்கிலும் பின்கோடியிலும் வைக்காதீர்கள். பெட்டிகள் தனித்தனியே குதிக்காதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டினாலே பாதி நஷ்டம் குறையும். தர்பூசணிக்கு அடியிலும் பக்கத்திலும் வைக்கோல் தாராளமாக வேண்டும். வெளித்தோல் பார்க்க நன்றாகவே இருக்கும். உள்ளே சதை கலங்கியிருக்கும். வியாபாரி வெட்டிப் பார்க்கும்போதுதான் அது தெரியவரும், அடுத்த தடவை அவர் நம் வண்டியைப் பார்த்ததுமே விலையைக் குறைப்பார். திரும்பும்போது வெறும் வண்டியாக வராமல் தொழு உரமோ, பிண்ணாக்கோ, பக்கத்து வீட்டுக்காரருக்கு வேண்டிய சாமானோ ஏற்றிவருவது வண்டிக்கும் நல்லது, டீசல் காசுக்கும் நல்லது.

இதுவரை சொன்னது காய்கறி பற்றி. மனிதர்கள் விஷயம் வேறு. மணிலாக் கொல்லைக்கும், நடவுக்கும், உப்பளத்துக்கும் கூலி ஆட்களை, முக்கியமாகப் பெண்களை, இதே வண்டிகளின் பின்னால் நிற்கவைத்துக் கொண்டுபோகிறோம். வெறும் வண்டிதான் அதிகம் துள்ளும் என்று மேலே பார்த்தோம். பத்துப் பேர் ஏறினாலும் அது அரைப் பாரம்தான். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத பலகையில், பின்சக்கரத்துக்கும் பின்னால், கதவு விளிம்பில் உட்கார்ந்திருப்பவர்தான் துள்ளலை முழுதாக வாங்குகிறார். தக்காளிக்கு வைக்கோல் போடும் நாம் அந்த அம்மாளுக்கு என்ன செய்கிறோம்? சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்ட விரோதம். சரக்கு வண்டியில் சும்மா ஏற்றிச் செல்லப்பட்ட ஆட்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஒரு பள்ளம், ஒரு துள்ளல், ஓர் உயிர் என்றால் நஷ்டஈடு நிலத்தை விற்றுக் கொடுக்க வேண்டியதாகும். ஷேர் ஆட்டோவுக்கு ஆகும் கூலியைச் சாகுபடிச் செலவில் சேர்த்துவிடுவதே நியாயம். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தார் ரோட்டில் யாரும் துள்ளலைப் பற்றிப் பேசுவதில்லை. கொல்லையிலிருந்து தார் ரோடு சேரும் வரையுள்ள அந்த ஒன்று, ஒன்றரைக் கிலோமீட்டர்தான் வண்டியையும் விளைபொருளையும் கெடுக்கிறது. இரும்பைப் பக்கத்துச் செம்மண் மழைக்குக் கரைந்து ஓடும், பாதையே வாய்க்காலாகிவிடும். நடு உயர்ந்து இரு பக்கமும் சரிந்து, ஓரத்தில் தண்ணீர் ஓட வழி இருந்தால் கிராவல் பாதையே பல வருஷம் தாங்கும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அதில் தெரு விளக்குக்குக் கை தூக்குகிறவர்கள் வண்டிப்பாதைக்கும் தூக்க வேண்டும். வண்டிக் கம்பெனிகளுக்கும் ஒன்று சொல்லலாம்: விற்பனைக்கு முன் வெறும் வண்டியை மட்டும் நல்ல ரோட்டில் ஓட்டிக் காட்டாமல், பாரத்தோடு ஒரு முறை மண் பாதையில் ஓட்டிக் காட்டுவது அவர்கள் கடமை.

இன்னும் வாங்காதவர்கள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். சில வண்டிகளில் பட்டைகள் எண்ணிக்கையில் குறைவாகவும், நடுவில் தடித்து நுனியில் மெலிந்தும், ஒன்றையொன்று உரசாமல் இடைவெளியோடும் இருக்கும். பரபோலிக் பட்டை என்பார்கள். உராய்வு குறைவாதலால் ஓட்டம் மெதுவாக இருக்கும், துருவும் எளிதில் ஒட்டவைக்காது. நம் கடற்கரைக்கு அதுவே ஏற்றது. முக்கால் டன்னுக்கு மேல் வருஷத்தில் நாலு நாள்தான் ஏற்றுவோம் என்றால் பெரிய வண்டி வேண்டாம். மிச்ச நாளெல்லாம் வெறும் வண்டியாகத் துள்ளும். அந்த நாலு நாளைக்கு வாடகை வண்டி பிடித்துக்கொள்ளலாம். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் உள்ளவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி வாங்குவதும் யோசிக்கத்தக்கது. அப்படி வாங்கினால் யார் எந்த நாள் ஓட்டுவது என்பதைப் போலவே, யார் எந்த நாள் கழுவுவது என்பதையும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.